மார்ச் முதல் மே வரை: ரொறன்ரோவில் முதல் வசந்தத்தைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

கனடாவுக்கு வரப்போகிறவர்களுக்குப் பனிக்காலத்தைப் பற்றிச் சொல்ல ஆள் குறைவில்லை. என்ன கோட், என்ன சப்பாத்து, எத்தனை அடுக்கு உடுப்பு என்று விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுவார்கள். அந்தப் பனிக்காலம் எப்படி முடிகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக்கு அதிகச் செலவும் அலைச்சலும் வந்தது ஜனவரியில் அல்ல, மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான். பேஸ்மென்ட்டில் தண்ணீர், வீதிக் குழியில் வெடித்த ரயர், ஐஸில் வழுக்கி முறிந்த மணிக்கட்டு எல்லாமே "குளிர் முடிந்துவிட்டது" என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்களில் வந்தவை.

இவற்றில் பலவற்றுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. 10 நாள், 60 நாள், ஏப்ரல் 30 என்று அவை சத்தமில்லாமல் கடந்துபோகும். ஆகவே செய்யவேண்டிய ஒழுங்கில் எழுதுகிறேன். நான் எழுதுவது ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றி. வின்னிபெக்கிலோ எட்மன்டனிலோ இருப்பவர்களுக்கு மாதங்களும் மாறும், சட்டங்களும் மாறும்.

1. இரவு வெப்பநிலையைப் பார்க்கப் பழகுங்கள்

மார்ச் 20ஐ ஒட்டி வசந்தம் தொடங்குவதாக நாட்காட்டியில் இருக்கும். அதை நம்பி ஒரு சாமானையும் எடுத்து வைக்காதீர்கள். மார்ச் நடுவில் ஒரு நாள் 15 பாகை வெயில் அடிக்கும், சனம் ரீசேர்ட்டோடு திரியும், அடுத்த வாரமே பனி கொட்டும். 2018இல் உறைமழையும் ஐஸ் துகள்களும் ரொறன்ரோவை மூடியது ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளில். 2025 மார்ச் கடைசியில் அடித்த உறைமழையில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கம் மரங்கள் முறிந்து, பல வீடுகளில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை.

வானிலை பார்க்கும்போது எல்லாரும் பகல் எண்ணைத்தான் பார்ப்பார்கள். இந்த மூன்று மாதமும் நீங்கள் பார்க்கவேண்டியது இரவு எண். பகலில் 8 பாகை, இரவில் கழித்தல் 3 என்றால், பகலில் உருகிய தண்ணீரெல்லாம் விடியற்காலையில் ஐஸாக இருக்கும். வீதி குழி விழுவதும், படியில் வழுக்குவதும், நாற்று கருகுவதும் இந்த இரவு எண்ணால்தான். மேப்பிள் மரத்தில் சாறு ஓடுவதும் இதே காரணத்தால்தான்: இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் அது வடியும். ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும். பிள்ளைகள் இருந்தால் மார்ச்சில் ஒருமுறை புரூசஸ் மில் என்ற பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இந்தப் பருவத்தில் நான் மனதார விரும்பும் விடயம் அது ஒன்றுதான்.

கனடாவின் சுற்றுச்சூழல் அமைச்சு வெதர்கான் என்ற இலவசச் செயலியை நடத்துகிறது. அதில் உங்கள் வீடு, வேலையிடம் இரண்டையும் சேர்த்து, எச்சரிக்கை வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். உறைமழை எச்சரிக்கை வந்தால் கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்து, குடிதண்ணீரும் ரோர்ச்சும் எடுத்து வையுங்கள். உயர்மாடிக் கட்டடங்களில் மின்சாரம் போனால் லிப்ட் நிற்கும். பல கட்டடங்களில் மேல்மாடிகளுக்குத் தண்ணீரும் ஏறாது.

ஏரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒன்ராறியோ ஏரி குளிர்காலக் குளிரை மே வரை வைத்திருக்கும். கிழக்குக் காற்று அடித்தால் ஸ்காபரோவின் தென்கரையில் கோட் வேண்டியிருக்கும், அதே மத்தியானம் வடக்கே உள்ள மார்க்கம் நகரத்தில் வேண்டியிருக்காது. வேலைக்கு வடக்கே போய்த் திரும்புகிறவர்கள் காரில் ஒரு மேலாடையை ஏப்ரல் முழுக்க வைத்திருங்கள்.

2. உடுப்பு: கடைசியாக எடுத்து வையுங்கள், முதலில் வாங்குங்கள்

பாரமான கோட்டை ஏப்ரல் நடுப்பகுதி வரை கதவடியில் விட்டுவையுங்கள். கையுறையும் தொப்பியும் மே முதல் வாரம் வரை இருக்கட்டும். இந்தப் பருவத்துக்கு உண்மையில் வேண்டியது தண்ணீர் புகாத சப்பாத்தும், காற்று மழை இரண்டையும் தடுக்கும் மெல்லிய மேலாடையும். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட்டால் இரண்டு பாகையும் தாங்கலாம், கழற்றினால் 14 பாகையும் தாங்கலாம்.

பிள்ளைகளுக்குத்தான் செலவு கூட. பள்ளியில் இடைவேளைக்கு வெளியே விடுவார்கள், மைதானம் முழுக்கச் சேறும் குட்டையும். றப்பர் பூட்ஸும், உடுப்புக்கு மேல் போடும் தண்ணீர் புகாத காற்சட்டையும் கட்டாயம். புதிதாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து 50 டொலரைத் தாண்டலாம். வல்யூ விலேஜ் போன்ற பழைய சாமான் கடைகளில் மார்ச் தொடக்கத்திலேயே போனால் நல்லவை கிடைக்கும், கடைசியில் போனால் அளவு கிடைக்காது. பள்ளிப்பையில் ஒரு சோடிக் காலுறையை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றி வைத்துவிடுங்கள். ஈரக் காலோடு மூன்று மணிவரை பிள்ளை இருக்கக்கூடாது.

அடுத்த பனிக்காலத்துக்கான கோட்டையும் பூட்ஸையும் வாங்க உகந்த நேரம் பெப்ரவரியும் மார்ச்சும்தான். கடைகள் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

எடுத்து வைக்கும் முன் சப்பாத்தில் உள்ள வெள்ளை உப்புக் கறையைத் துடைத்துவிடவேண்டும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். அப்படியே வைத்தால் தோல் வெடித்துவிடும்.

3. விடியற்கால ஐஸ், விழுந்தால் 60 நாள் கெடு

மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். மெல்ல வெளிச்சமாகி வந்த காலை நேரம் அன்றிலிருந்து மறுபடி இருட்டாகிவிடும். நீங்கள் வேலைக்கு நடக்கும் நேரமும் நேற்றைய தண்ணீர் ஐஸாக இருக்கும் நேரமும் ஒன்றாகும். அந்த ஐஸ் வெள்ளையாக இருக்காது. ஈரத் தரையைப் போலவே தெரியும். முக்கியமாக, கூரைத் தண்ணீர்க் குழாய் நடைபாதைக்குக் குறுக்கே வடிகிற இடங்களைக் கவனியுங்கள். பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்து, இரவில் கண்ணாடித் தகடாகிக் கிடக்கும். உப்புப் பையை ஏப்ரல் முடியும்வரை வாசலில் வைத்திருங்கள்.

என் மனைவி ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, இழப்பீடு கேட்பதற்கு ஒரு கெடு இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னவர், எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா. அவர் சொல்லியிராவிட்டால் அந்த நாள் தெரியாமலே போயிருக்கும்.

ஒன்ராறியோவில் தனியார் இடத்தில், அதாவது கடை, பிளாசா, வாடகைக் கட்டடம் போன்றவற்றில், பனியாலோ ஐஸாலோ விழுந்து காயப்பட்டால், 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். 2021 ஜனவரி 29இலிருந்து இதுதான் சட்டம். இடத்தை வைத்திருப்பவருக்கோ, பனி அகற்ற ஒப்பந்தம் எடுத்தவருக்கோ அறிவிக்கலாம். நேரில் கொடுக்கவேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். தொலைபேசியில் சொன்னால் போதாது, கடை மனேஜர் குறித்துக்கொண்டாலும் போதாது.

மாநகரசபையின் நடைபாதையிலோ வீதியிலோ விழுந்தால் கெடு இன்னும் குறுகியது: 10 நாள். அதுவும் எழுத்தில். பனி, ஐஸ் விடயத்தில் மாநகரசபை கடுமையாக அலட்சியம் காட்டியது என்று நிறுவவேண்டும், அதனால் வெல்வது கஷ்டம். என்றாலும் அறிவித்தல் கொடுக்காமல் விட்டால் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

விழுந்த இடத்திலேயே, கூட வந்தவரைக் கொண்டு இவற்றைச் செய்யுங்கள்: ஐஸ் தெரியும்படி படம், சுற்றுப்புறம் தெரியும்படி இன்னொரு படம், நேரம், சரியான முகவரி, பார்த்தவரின் பெயரும் இலக்கமும், அன்று போட்டிருந்த சப்பாத்து. ஒரு மணித்தியாலத்தில் அந்த ஐஸ் உருகிவிடும், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. மருத்துவமனையில் தரும் காகிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். சட்டத்தரணி வேண்டுமென்றால், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம்.

4. வீட்டுக்குள் தண்ணீர்

இந்தப் பகுதியைச் சொந்த வீடு உள்ளவர்கள் மட்டுமல்ல, பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் வாசிக்கவேண்டும். புதிதாக வரும் நம்மவர்களில் பலர் முதலில் குடியேறுவது அங்கேதான்.

மார்ச்சில் மேலே பனி உருகும், கீழே மண் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. அதன்மேல் ஒரு மழையும் பெய்தால், அது சுவரோரம் தேடி வரும். ஆகவே பெப்ரவரி கடைசியில், முதல் பெரிய உருகலுக்கு முன், வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். சுவரோரம் குவிந்த பனியைச் சவளால் ஓரிரு மீற்றர் தள்ளிவிடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாயின் வாய் சுவரிலிருந்து விலகி, வெளிப்பக்கம் சரிந்த நிலத்தில் விழவேண்டும். ஐஸ் அடைத்திருந்தால் உடைத்துவிடுங்கள். பேஸ்மென்ட் யன்னல் குழியில் இலை நிறைந்திருந்தால் அள்ளுங்கள். வீதியோரத்துச் சாக்கடைக் கம்பியை ஐஸ் மூடியிருந்தால் அதையும் துப்புரவாக்கலாம், முடியாவிட்டால் மாநகரசபையின் தொலைபேசிச் சேவையான 311க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

பேஸ்மென்ட் தரையில் குழி வெட்டித் தண்ணீர் இறைக்கும் பம்ப் இருந்தால், ஒரு வாளி தண்ணீரை அந்தக் குழிக்குள் ஊற்றுங்கள். மிதவை மேலெழுந்து பம்ப் ஓடவேண்டும், தண்ணீர் வெளியேறவேண்டும், பிறகு தானாக நிற்கவேண்டும். மின்சாரம் போகும் நேரம்தான் அது அதிகம் தேவைப்படும் நேரம், அதனால் பற்றரி துணை உள்ளதா என்று பாருங்கள்.

இனிக் காப்புறுதி. எங்கள் வீட்டில் பேஸ்மென்ட் மூலையில் தண்ணீர் ஊறியபோது, காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்ட கேள்வி "எந்த வழியாக வந்தது?" என்பதுதான். அதற்கான விடையில்தான் முழுப் பணமும் தங்கியிருந்தது. சாதாரண வீட்டுக் காப்புறுதி, வீட்டுக்குள் குழாய் வெடித்தால் பெரும்பாலும் கொடுக்கும். கழிவுநீர்க் குழாய் வழியாகப் பின்வாங்கி வந்த தண்ணீருக்குத் தனிச் சேர்க்கை வேண்டும். நிலத்தின்மேல் ஓடி உள்ளே வந்த வெள்ளத்துக்கு இன்னொரு தனிச் சேர்க்கை வேண்டும். அத்திவாரச் சுவர் வழியாக மெதுவாகக் கசிந்ததற்கு அநேகமாக ஒன்றும் கிடைக்காது. உங்கள் பத்திரத்தை இன்றைக்கே எடுத்து, இந்த இரண்டு சேர்க்கைகளும் இருக்கின்றனவா, ஒவ்வொன்றுக்கும் உச்சத்தொகை எவ்வளவு, முதலில் நீங்கள் போடவேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். புரியாவிட்டால் முகவருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். அவர் எழுத்தில் சொன்ன பதிலை அச்செடுத்து வையுங்கள். "எல்லாம் கவராகும் அண்ணை" என்று தொலைபேசியில் சொன்னதற்குப் பிறகு மதிப்பில்லை.

வாடகைக்கு இருப்பவர்களே, வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் கட்டிலுக்கும் கணினிக்கும் பணம் தராது. உங்களுக்கென்று வாடகையாளர் காப்புறுதி எடுக்கவேண்டும். மாதம் ஏறத்தாழ 20 முதல் 40 டொலருக்குள் கிடைக்கும். அதிலும் கழிவுநீர்ச் சேர்க்கை உண்டா என்று கேளுங்கள். கடவுச்சீட்டு, குடிவரவுப் பத்திரங்கள், சான்றிதழ்கள் எதையும் பேஸ்மென்ட் தரையில் பெட்டியில் வைக்காதீர்கள். அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஊரிலிருந்து மறுபடி பிறப்புச் சான்றிதழ் எடுப்பதற்கு எவ்வளவு அலையவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ரொறன்ரோவில் சொந்த வீடு உள்ளவர்களுக்கு மாநகரசபையின் மானியம் ஒன்று இருக்கிறது. கழிவுநீர் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு, தண்ணீர் இறைக்கும் பம்ப் போன்றவற்றைப் போட்டால் செலவில் 80 சதவீதம் வரை, ஒவ்வொரு வேலைக்கும் வகுத்த உச்சத்தொகைக்குள், திருப்பித் தருவார்கள். இதில் பலர் தவறவிடும் இடங்கள்: ஒப்பந்தக்காரரிடம் மாநகரசபையின் உரிமம் இருக்கவேண்டும், கூரைத் தண்ணீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருக்கக்கூடாது, வேலை முடிந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். "காசாகத் தந்தால் குறைத்துச் செய்வேன், பில் வேண்டாம்" என்று சொல்பவரிடம் வேலை கொடுத்தால் மானியம் கிடைக்காது. விபரமான பில்லும் பணம் கட்டியதற்கான பற்றுச்சீட்டும் இல்லாமல் விண்ணப்பம் நகராது. வால்வு வேலைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டுமா என்பதைத் தொடங்கும் முன் 311இல் கேட்டுவிடுங்கள்.

வெளிக்குழாயை இரவுகள் உறையாமல் விட்ட பிறகுதான் திறக்கவேண்டும். திறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று சுவர்ப்பக்கம் பார்க்கட்டும். குளிர்காலத்தில் உள்ளே குழாய் வெடித்திருந்தால், திறந்த நிமிடத்தில்தான் தெரியவரும்.

5. கார்: ரயர் மாற்றும் நேரமும் வீதிக் குழிகளும்

குளிர்கால ரயரைக் கழற்ற ஒரு எளிய அளவு உண்டு: காலையில் நீங்கள் காரை எடுக்கும் நேரம், ஓரிரு வாரமாகத் தொடர்ந்து 7 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். ரொறன்ரோவில் இது பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதி. மார்ச்சின் முதல் வெயிலுக்குக் கழற்றினால், ஏப்ரல் உறைமழையில் மாட்டிக்கொள்வீர்கள். மே முழுக்க வைத்திருந்தால், மென்மையான அந்த ரயர் சூட்டில் வேகமாகத் தேய்ந்துபோகும்.

ஆனால் முன்பதிவை ஏப்ரலில் செய்யாதீர்கள். ஒரே வாரத்தில் எல்லாரும் கராஜுக்கு ஓடுவார்கள். மார்ச் நடுவிலேயே ஏப்ரல் கடைசிக்கு ஒரு நாள் பிடித்து வையுங்கள். ரிம்மோடு மாற்ற ஏறத்தாழ 50 முதல் 100 டொலர், ரிம் இல்லாமல் ரயரை மட்டும் கழற்றி மாட்ட அதைவிடக் கூட. அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு ரயர் வைக்க இடமில்லையென்றால், கராஜிலேயே பருவத்துக்கு ஒரு தொகை வாங்கி வைத்திருப்பார்கள். வைக்கும்போது பற்றுச்சீட்டில் ரயரின் பெயரும் அளவும் எழுதி வாங்குங்கள். மாற்றிய பிறகு 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் சக்கர நட்டுகளைத் திரும்ப இறுக்கவேண்டும். இதை இலவசமாகவே செய்வார்கள். போகாமல் விடுவது ஆபத்து.

ஒன்ராறியோவில் குளிர்கால ரயர் கட்டாயமில்லை. ஆனால் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு தரவேண்டும் என்ற விதி 2016 ஜனவரியிலிருந்து இருக்கிறது. எந்த மாதம்வரை ரயர் காரில் இருக்கவேண்டும் என்பதைச் சில நிறுவனங்கள் நிபந்தனையாக வைத்திருக்கும். கழற்றும் முன் அதைக் கேளுங்கள். ரயர் வாங்கிய பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

குழிகள் பற்றி. தார் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, பகலில் இளகி, மேலே லொறி ஓடும்போது அப்படியே பெயர்ந்துவிடும். நேற்று இல்லாத குழி இன்று இருக்கும். அதிலே தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளி விட்டு ஓட்டுங்கள், குட்டையைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். குழிக்குள் இறங்கியபிறகு பிறேக்கை அழுத்தாதீர்கள், அடி கூடும்.

ரயரோ ரிம்மோ உடைந்தால் செய்யவேண்டியது: பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்தி, குழியையும் சேதத்தையும் படமெடுத்து, பக்கத்துக் குறுக்குத்தெருப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வீதி யாருடையது என்று பாருங்கள். ரொறன்ரோ உள்வீதியென்றால் மாநகரசபை. 401 போன்ற நெடுஞ்சாலையென்றால் மாகாணம். மார்க்கம் பக்கம் சில வீதிகள் நகரத்தினுடையவை, சில யோர்க் பிராந்தியத்தினுடையவை. பிழையான இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் 10 நாள் கெடு ஓடிவிடும். சந்தேகமென்றால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். பழுதுபார்த்த பில், அதற்கான பற்றுச்சீட்டு, படங்கள், திகதியும் நேரமும் எல்லாம் சேர்த்து எழுத்தில் கொடுக்கவேண்டும்.

கிடைக்குமா? பெரும்பாலும் மறுப்பார்கள். வீதியைப் பார்வையிடவும் குழியை அடைக்கவும் மாகாணம் ஒரு குறைந்தபட்ச ஒழுங்கு வகுத்திருக்கிறது. அதைப் பின்பற்றியிருந்தால் மாநகரசபை பொறுப்பல்ல. ஆனால் அதே குழியைப் பற்றி முன்பே யாராவது 311இல் முறையிட்டு, அடைக்காமல் விட்டிருந்தால் கதை மாறும். ஆகவே கார் அடிபடாவிட்டாலும், குழியைக் கண்டால் 311இல் பதிந்துவிடுங்கள். அது பின்னால் வருகிற ஒருவருக்கு உதவும்.

6. வெப்பமும் மின்சாரமும்: ஏப்ரல் 30ஐக் குறித்து வையுங்கள்

ஏப்ரலில் நாலு நாள் வெயில் வந்ததும் வீட்டுக்காரர் ஹீற்றரை நிறுத்துவதுண்டு. ரொறன்ரோவில் மாநகரசபை குறித்திருக்கும் குளிர்காலத் திகதிகளுக்குள் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்கும்படி அவர் பார்க்கவேண்டும். மற்ற நகரங்களில் வேறு அளவு, வேறு திகதி இருக்கும். வீடு குளிர்ந்தால், ஒரு சின்ன வெப்பமானியை அறை நடுவில் வைத்து, நேரம் தெரியும்படி சில நாள் படமெடுங்கள். முதலில் வீட்டுக்காரருக்கு மரியாதையாக எழுத்தில் அறிவியுங்கள். சரிவராவிட்டால் 311க்கு முறையிடுங்கள். அடுப்பைத் திறந்து வைத்துச் சூடேற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

மின்சாரக் கட்டணம் கட்டாதவர்களின் வீட்டு இணைப்பை நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வெட்டமுடியாது. இந்த விதியால் பல குடும்பங்கள் பாக்கியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகின்றன. மே 1இலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. பாக்கி இருந்தால் ஏப்ரல் நடுவிலேயே மின்சார நிறுவனத்துக்கு அழைத்துத் தவணை ஒப்பந்தம் கேளுங்கள், அவர்கள் தரக் கடமைப்பட்டவர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோ மின்சார உதவித் திட்டம் மாதாமாதம் கட்டணத்தில் கழித்துத் தரும். விண்ணப்பிக்க மின்சாரக் கணக்கு இலக்கம், வீட்டிலுள்ள எல்லாரின் பெயரும் பிறந்த திகதியும், வருமான விபரமும் வேண்டும். வருமானத்தை வரித் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிடுவார்கள், அதனால் ஏப்ரல் 30க்குள் வருமான வரிப் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

மே 1இல் இன்னொரு மாற்றமும் வரும். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் கட்டும் வீடுகளில், குளிர்காலத்தில் வேலைநாள் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் உச்ச விலை. கோடைக்காலத்தில் அது பகல் 11 முதல் மாலை 5 வரைக்கு மாறும். மாலை 7 முதல் காலை 7 வரையும் வார இறுதியும் எப்போதும் மலிவு. உடுப்புத் தோய்ப்பதை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஆறு, உண்ணி, மகரந்தம்

மார்ச்சில் குளத்து ஐஸ்மேல் பிள்ளைகளை ஒரு அடிகூட வைக்க விடாதீர்கள். மேலே தடிப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றுப்போயிருக்கும். ஹைலண்ட் ஓடை, ரூஜ், டொன், ஹம்பர் ஆறுகள் ஆகியவற்றின் கரைகளில் உருகல் நாட்களில் ஓரம் சரிந்து விழும், தண்ணீர் திடீரென ஏறும். ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு ஆணையம் வெள்ள எச்சரிக்கை வெளியிட்டால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

4 பாகைக்கு மேல் போனதும் கருங்கால் உண்ணி நடமாடத் தொடங்கும். ரூஜ் பூங்காப் பக்கம் அது இருக்கிறது, லைம் நோயைப் பரப்பக்கூடியது. நடந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிரோரம் பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும். ஒட்டியிருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றவோ சுடவோ வேண்டாம். உண்ணியைப் போத்தலில் வைத்திருங்கள். 24 மணித்தியாலத்துக்கு மேல் ஒட்டியிருக்கலாம் என்றால், எடுத்த 72 மணித்தியாலத்துக்குள் மருந்தகத்துக்குப் போங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே இதற்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். சுகாதார அட்டையைக் கொண்டுபோனால் ஆலோசனைக்குக் கட்டணமில்லை, மருந்துக்கு மட்டும் பணம்.

ஏப்ரலில் மூக்கு ஒழுகிக் கண் அரித்தால், தடிமன் என்று நினைத்து வாரக்கணக்கில் இருக்கவேண்டாம். மர மகரந்தமாக இருக்கலாம். ஊரில் ஒருபோதும் வராதவர்களுக்கும் இங்கே ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தொடங்குவதுண்டு. இதற்கும் அதே மருந்தாளரைப் பார்க்கலாம்.

8. கறிவேப்பிலைக் கன்றை வெளியே வைப்பதற்கு முன்

தோட்டக்காரர்கள் இங்கே விக்ரோறியா தினத்தைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை அந்த வார இறுதிக்கு முன் நிலத்தில் நடாதீர்கள். கடைகளில் ஏப்ரல் கடைசியிலேயே நாற்று வந்துவிடும். கடையில் இருப்பதால் நடும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு இரவு உறைந்தால் காலையில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும், திரும்ப வாங்கவேண்டியதுதான்.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால், மிளகாயையும் கத்தரியையும் மார்ச் முதல் பாதியில், தக்காளியை மார்ச் கடைசியில் வீட்டுக்குள் வெளிச்சமான யன்னலடியில் போடுங்கள். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பட்டாணி, பசளி வகைகளில் இங்கத்தைய ஸ்பினாச் ஆகியவை குளிரைத் தாங்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலேயே நேராக நிலத்தில் தூவலாம். தூவும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்து அமத்திப் பாருங்கள். களிமண் உருண்டையாக நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், உதிர்ந்தால் கொத்தலாம்.

கறிவேப்பிலைக்கு இரவு 10 பாகைக்குக் குறையக்கூடாது. ஆகவே ஜூன் பிறந்தபிறகு வைப்பதே நல்லது. ஆறேழு மாதம் யன்னலுக்குள் இருந்த கன்றை ஒரேயடியாக வெயிலில் வைத்தால், இரண்டு நாளில் இலைகள் நடுவில் வெள்ளை படர்ந்து, தொட்டால் கடதாசி மாதிரி நொறுங்கும். பலரும் அதைக் குளிர் பட்டது என்று நினைத்து உள்ளே எடுத்துவிடுவார்கள். உண்மையில் அது வெயில் சுட்ட தழும்பு. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, காலை வெயில் கொஞ்சம், இரவில் உள்ளே என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். முருங்கையைச் சாடியில் வைத்திருப்பவர்களும் இப்படியே செய்யலாம்.

நட்டபிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால், பழைய படுக்கை விரிப்பால் மாலையிலேயே நிலம்வரை மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். பிளாஸ்ரிக் தாள் வேண்டாம், அது தொடும் இலையெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் விரிப்பை எடுத்துவிடுங்கள்.